இடப்பக்க அம்பு

மாங்குளம் சந்தியில் உரக்கடைக்கு மேலே
ஒரு அறை, இரண்டு மேசை,
காலையில் யூரியா மணக்கும் ஒரு ஜன்னல்.
கீழே கண்டி வீதி நேராகப் போகிறது.
முல்லைத்தீவு பஸ் அதைவிட்டுத் திரும்புகிறது.
மல்லாவி ஓட்டோ
ஹோர்ன் அடிக்காமல் திரும்பினதே இல்லை.

நாங்கள் செய்வது பழைய மாதிரி விளையாட்டு.
பதினாறு நிறம்.
ஓடு, பாய், விழு, திரும்பப் பிற.
முழுவதும் நாற்பது கிலோபைட்டுக்குள்;
ஒரு கலியாணப் படத்தின் ஓரத்துக்கும் காணாது.
ஒவ்வொரு கட்டையையும் எண்ணித்தான் வைக்கிறோம்.

கீறுகிறவள் நான். சதுரக் கொப்பியில்
மூன்றாம் லெவலை இப்படிக் கீறினேன்:
பாலத்தடியில் பாதை பிரியும்.
மேலால் போனால் பாலை மரக் கொப்புகள்.
கீழால் போனால் மதகு, இருட்டு, ஒரு வௌவால்.
மேலே போனவருக்குக் கீழே இருந்தது
கடைசிவரை தெரியாது.
எனக்குப் பிடித்ததே அதுதான்.

"நீ கீறினதில அரைவாசியை ஒருத்தரும் காணாயினம், வேழினி"
என்றான் கஜீபன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.
"வௌவாலுக்கு மட்டும் எண்ணூறு பைட்."

அவன் செய்த லெவல்கள் எல்லாம் நேர்.
முதற்குழி சின்னன், விழுந்தாலும் சாவில்லை.
அடுத்தது அகலம். அதற்கடுத்ததில் முள்.
ஒரு சொல்லும் எழுதாமல் பாயப் பழக்கிவிடுவான்.
கடைசிப் பாய்ச்சல் மட்டும்
வெண்பாவின் ஈற்றடிபோல ஒரு சீர் குறைந்து முடியும்.
அழகுதான், ஒத்துக்கொள்கிறேன்.
ஆனால் அவனுடைய திரை வலப்பக்கம் மட்டுமே நகரும்.
கடந்த இடம் இடது ஓரத்தில் மூடிக்கொள்ளும்.
திரும்பி நடந்தால்
கண்ணாடியில் முட்டின கோழிமாதிரி நிற்க வேண்டியதுதான்.

எட்டு நாள் சண்டை.
ஒருக்கா கொப்பி கிழிந்தது.
ஒருக்கா நான் கீழே போய்
தேவையில்லாமல் உரவிலை கேட்டுவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் கரண்ட் இல்லை.
மடிக்கணினியில் பதினொரு வீதம் பற்றறி.
"வரைபடத்தைப் பார்" என்றான்.
"மல்லாவி இடப்பக்கம். கடல் வலப்பக்கம்.
நாங்கள் வந்ததும் அப்பிடித்தான்.
எனக்கு ஒன்பது வயசு.
விசுவமடுவில ஒரு கிளை வந்தது.
சித்தப்பா குளக்கட்டால போவம் எண்டார்,
அம்மா றோட்டால எண்டா.
நான்தான் குளக்கட்டில சேறு எண்டு சொன்னன்."

கொஞ்ச நேரம் விசிறி நின்ற சத்தம்.

"நேர்ப்பாதையில
ஒருத்தரும் பிழை விடேல்லை, வேழினி."

பிறகு
முப்பதாம் வரியில் ஒரு அரைப்புள்ளி
விடுபட்டிருப்பதைக் கண்டு, போட்டான்.

அன்றிரவு கொப்பியைத் திறந்தேன்.
மேற்பாதையும் கீழ்ப்பாதையும்
ஐந்து திரை தள்ளி ஒரே கதவில் போய் விழுந்தன.
பாலைப்பழம் தின்றவருக்கும்
வௌவாலிடம் கடி வாங்கினவருக்கும்
அதே கதவு, அதே ஐந்நூறு புள்ளி.
கிளை கிளை என்று நான் கத்தினது
நடுவில் வீங்கின ஒரு நேர்கோடு.
அவனிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை உரக்கடைக்காரரின் மகள் அபிசனா
முறுக்கு எண்ணெய்க் கையோடு வந்து குந்தினாள்.
கஜீபனின் முதல் லெவலைப் போட்டோம்.
எல்லாம் வலப்பக்கம் கூப்பிடுகிற லெவல்:
காசு, வெளிச்சம், மேகத்தின் சரிவு,
முதற்குழி.

அவள் அமர்த்தினது இடப்பக்க அம்பு.

தொடக்கத்துக்கு முன்னால்
நாங்கள் ஒன்றும் வைத்திருக்கவில்லை.
திரை இன்னும் நகரவில்லை, ஆகவே மூடவும் இல்லை.
எங்கள் ஆள் ஓரத்தைத் தாண்டி
நினைவகத்தின் மிச்சத்துக்குள் நடந்தான்:
உடைந்த நிறங்கள், தலைகீழாய் ஒரு இலக்கம்,
அரைச் செட்டையோடு என் வௌவால்,
குழியின் மேல் தொங்கும் பாலைக் கொப்பு.
ஒருவரும் கீறாத இடம்.
காலடியில் நிலம் இருந்தது, எப்படியோ.

"இது என்ன இடம் அண்ணா?"

அங்கே ஒரு சுவர் வைக்க ஆறு பைட் போதும்.
கஜீபனின் கை விசைப்பலகைக்குப் போனது,
பாதியில் நின்றது.
கதிரையைக் கிட்ட இழுத்தான்.

"தெரியேல்லை" என்றான்.
"இன்னும் கொஞ்சம் போ, பாப்பம்."